தயிர் பக்கெட்டில் கோழிக்குச் சாப்பாடு

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டில் பத்தே நாளில் ஆறு கோழிக்குஞ்சுகள் செத்துப்போயின. கவரைப்பேட்டை பக்கம் வீடு. பின்னால் ஒரு மாமரம், ஒரு தகரக் கொட்டகை, பன்னிரண்டு பெரிய கோழிகள். கழிச்சலோ என்று பயந்து கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, “தீவனத்தை எதுல வைக்கிறீங்க?”

பழைய அலுமினியத் தட்டில்தான். சாரலில் நனைந்து கட்டி கட்டியாகிவிட்ட தீவனத்தைக் கொட்ட மனசில்லாமல், வெயில் எட்டிப் பார்த்த அன்று மொட்டைமாடியில் காயவைத்துத் திரும்பப் போட்டிருந்தேன். மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் கலந்த தீவனம் அது.

“அந்தப் பூஞ்சைதான் காரணமா இருக்கும். காய வெச்சா ஈரம்தாம்மா போகும், விஷம் போகாது” என்றார்.

அந்த விஷத்துக்குப் பெயர் அஃப்ளாடாக்சின். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்ததில், பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது தெரியவந்தது. இந்த விஷத்தை உலகம் அடையாளம் கண்டதே அப்படித்தான். கல்லீரலைத் தாக்கும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவைத்தாலும் அழியாது. குஞ்சுகள்தான் முதலில் விழும்.

சரி, நனையாத ஒரு தீவனத் தொட்டி செய்துவிடலாம் என்று கிளம்பினேன். நம்ம ஊரில் பக்கெட்டுக்கா பஞ்சம்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி எந்தக் காயலான் கடைக்குப் போனாலும் மூடி போட்ட இருபது லிட்டர் பக்கெட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒன்றை எடுத்தேன். லேபிள் பாதி கிழிந்திருந்தது. “இன்னா இருந்துச்சுன்னு தெரியாதும்மா. சோப்பு போட்டு கழுவிட்டா சரியாப் பூடும்” என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து மூன்று தடவை கழுவினேன். மாமியார் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, “இதுல வெச்ச சோத்த நீ சாப்பிடுவியா? அந்த முட்டைய நம்ம புள்ளதானே திங்கப் போகுது” என்று ஒரே போடாகப் போட்டார்.

அவர் சொன்னது சரி. பிளாஸ்டிக் தன்னிடம் இருந்த ரசாயனத்தைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு மெல்ல விடும். என்ன இருந்தது என்று தெரியாத கேன், பெயின்ட் வாளி, பூச்சிமருந்து டப்பா எதுவும் தீவனத்துக்கு வேண்டாம். இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டலிலோ கல்யாண மண்டபத்திலோ கேட்டால் தயிர் பக்கெட் கிடைக்கும். எனக்கு மூடியோடு நாற்பது ரூபாய்க்குக் கிடைத்தது.

பக்கெட்டின் அடி விளிம்பை ஒட்டி நாலு பக்கமும் நாலு ஓட்டை. ஒன்றரை அங்குல அகலம், ஓர் அங்குல உயரம் போதும். வெட்டிய ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கொண்டையைக் கிழிக்கும். பிறகு மூன்று அங்குல ஆழமுள்ள ஒரு பிளாஸ்டிக் பேசினின் நடுவில் பக்கெட்டை வைத்து இரண்டு போல்ட்டால் முடுக்கினால் வேலை முடிந்தது. பேசின் பதினாறு அங்குல அகலம் இருந்தால் சுற்றளவு ஐம்பது அங்குலம் வரும். ஒரு கோழிக்கு நாலு அங்குலம் என்று வைத்தால் பன்னிரண்டும் ஒரே நேரத்தில் நின்று தின்னலாம். இடம் குறைந்தால் வலுத்தது தின்னும், இளைத்தது ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும்.

ஓட்டையை ஏன் ஓர் அங்குலத்தோடு நிறுத்தினேன் என்றால், அந்த உயரத்துக்குத்தான் பேசினில் தீவனம் ஏறும். தின்னத் தின்ன மேலிருந்து இறங்கும். பேசின் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் கோழி அலகால் இப்படியும் அப்படியும் தள்ளிப் பாதியைத் தரையில் இறைத்துவிடும். கோழி வளர்ப்புச் செலவில் பெரிய பங்கு தீவனம்தான் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. மேயப் போகும் கோழிக்கு நாளைக்கு 30 முதல் 50 கிராம் கொடுத்தால் போதும். அடைத்து வைத்தால் 100 கிராமுக்கு மேல் வேண்டும். தவிடு அதிகம் கலந்தால் பக்கெட்டுக்குள் அடைத்துக்கொண்டு இறங்காது, காலையில் ஒரு தட்டு தட்டிவிட வேண்டும். கலவை பற்றிச் சந்தேகம் இருந்தால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

தொட்டியைத் தரையில் வைக்காதீர்கள். கொட்டகைக்குள், சாரல் எட்டாத இடத்தில், பக்கெட்டின் கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். பேசினின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே ஏறி நின்று சீய்க்காது. குஞ்சுகளுக்குத் தனியாகச் சின்னத் தொட்டி செய்து, அவை வளர வளரக் கயிற்றை ஏற்றிக் கட்டுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து அதிகம், குஞ்சுகளின் சிறுநீரகம் அதைத் தாங்காது.

ராத்திரியில் கழற்றி உள்ளே வைத்துவிடுவேன். தீவனம் வெளியே இருந்தால் எலி வரும், எலியைத் தேடிச் சாரை வரும்.

இன்னும் ஒரு தொல்லை பாக்கி இருந்தது. எங்கள் கருப்புப் பெட்டைக்கு அந்த மூடிமேல் ஏறி உட்கார்வதில் அவ்வளவு ஆசை. அது இடுகிற எச்சம் நேராகப் பேசினில். உடைந்த பிளாஸ்டிக் குடத்தின் மேல்பாதியை அறுத்து, கழுத்து வழியாகக் கயிற்றைக் கோத்து, மூடிமேல் கவிழ்த்துவிட்டேன். இரண்டு நாள் ஏறி ஏறி வழுக்கி விழுந்தது. இப்போது மோட்டார் ரூம் திண்ணைக்குப் போய்விட்டது.