பரிணாமத்தைப் பத்தாம் வகுப்புக்குத் திருப்பிக் கொடு!

பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவகர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையத்தின் ஆய்வகத்தில் பழ ஈக்கள் பல நூறு தலைமுறைகளாக வளர்க்கப்பட்டு வந்துள்ளன. விரைவில் முதிர்ந்து விரைவில் முட்டையிட்டவற்றின் சந்ததிகள் மட்டுமே ஒவ்வொரு முறையும் அடுத்த தலைமுறைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. முட்டை ஈயாக வளரும் காலம் படிப்படியாகச் சுருங்கியது, உடல் சிறுத்தது, இடும் முட்டைகளும் குறைந்தன. எந்தத் தனி ஈயும் தன் வாழ்நாளில் இப்படி மாறவில்லை. மாறியது ஈக்களின் கூட்டம். இதுவே பரிணாமம்.

குரங்கு மனிதனானதை எவரும் பார்த்ததில்லை, எனவே டார்வின் கோட்பாடு தவறு என்று 2018 ஜனவரியில் ஒன்றிய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சர் சத்யபால் சிங் பேசினார். பெங்களூருவில் இயங்கும் இந்திய அறிவியல் அகாதமி உள்ளிட்ட மூன்று அறிவியல் அகாதமிகள் அதை உடனே கூட்டாக மறுத்தன. பரிணாமப் பாடத்தை நீக்குவது பிற்போக்கான செயல் என்றும் எச்சரித்தன. ஆயினும் 2022இல், கொரோனாவைக் காரணம் காட்டிப் பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறிய என்சிஇஆர்டி, பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தை நீக்கியது. தொற்று தணிந்த பின்னும் அது திரும்பவில்லை. 2023இல் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் விடுத்த வேண்டுகோளுக்கும் பலனில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் உள்ளதே என்பது சமாதானம். பத்தாம் வகுப்புக்குப் பின் வணிகவியலோ தொழிற்கல்வியோ பயில்வோர், படிப்பையே நிறுத்த நேரும் ஏழைப் பிள்ளைகள் ஆகியோருக்கு அந்தக் கதவு திறப்பதே இல்லை.

இழப்பு சிறிதன்று. மரபணுக்களில் தற்செயலாக மாற்றங்கள் தோன்றுகின்றன. சூழலில் பிழைக்க உதவுபவை இயற்கைத் தேர்வினால் பெருகுகின்றன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் மருத்துவமனைகளில் பரவுவது இவ்வாறே. மருந்தைத் தாங்கும் கிருமி பிழைக்கிறது, பெருகுகிறது. இதை அறியாதவர், மருந்தைக் கண்டபடி விழுங்குவதன் ஆபத்தை எப்படி உணர்வார்?

தேர்வு மட்டுமே பரிணாமத்தை இயக்குவதில்லை. சிறு கூட்டங்களில், நன்மையோ தீமையோ, ஒரு மரபணு தற்செயலாகவே பரவிவிடலாம். வெளியிலிருந்து மரபணுக்கள் வந்து கலப்பதைத் தடுத்தால் அது அங்கேயே தங்கிவிடும். சாதிக்குள்ளேயே மணம் என்ற கட்டு செய்தது இதைத்தான். ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தினர் பங்கேற்று 2017இல் வெளியான ஆய்வு, தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களில் 81இல் இந்தத் தடம் மிக ஆழமாக இருப்பதைக் கண்டது. அரிய மரபு நோய்கள் இத்தகைய குழுக்களில் கூடுதலாகத் தோன்றும் வாய்ப்புண்டு. சாதித்தூய்மை பேசுவோர் மறைக்க விரும்பும் உண்மை இது.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு. அக்கடமையை ஆற்றும் கருவியை மாணவரிடமிருந்து பறிக்க அரசுக்கு உரிமையில்லை. நீக்கப்பட்ட பாடத்தை உடனடியாக மீண்டும் சேர்க்க வேண்டும். ஆசிரியர், மாணவர், பெற்றோர் அமைப்புகள் ஒன்றுபட்டு இக்கோரிக்கையை எழுப்பட்டும்!