வியன்னாவின் வாடகையும் லண்டனின் வாடகையும்

‘வாழத் தகுந்த நகரம்’ என்று முதலாளித்துவ ஏடுகள் வியன்னாவைப் போற்றுகின்றன; ஏன் என்று மட்டும் சொல்வதில்லை. 1923-ல் அந்நகரின் சமூக ஜனநாயக நிர்வாகம் வீட்டுவசதி வரி விதித்தது. மாளிகைகளுக்கு வரி மிக அதிகம். தொழிலாளர் குடியிருப்புகளுக்கு மிகக் குறைவு. அவ்வருவாயின் துணையுடன் 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவற்றுள் ஒன்றான கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. சலவைக்கூடம், நூலகம், மழலையர் பள்ளி அனைத்தும் அதற்குள்ளேயே இருந்தன. 1934 பிப்ரவரியில் டால்ஃபஸ் அரசு அதன்மீது பீரங்கிகளைத் திருப்பியது. ஆளும் வர்க்கம் அதன் பொருளை நன்றாகவே புரிந்துகொண்டிருந்தது!

இன்றும் வியன்னா மாநகராட்சியிடம் சுமார் 2,20,000 வீடுகள் உள்ளன. மானியம் பெற்ற வீடுகளையும் சேர்த்தால், நகர மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் சந்தையின் பிடிக்கு வெளியே வசிக்கின்றனர். அந்நகரம் சோஷலிசத் தீவு அல்ல; புதிதாக வருவோர் தனியார் வாடகையின் சுமையை அங்கும் அறிவர்.

லண்டனிலும் மாநகராட்சி வீடுகள் ஏராளமாக இருந்தன. தாட்சர் அரசின் 1980-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் தள்ளுபடி விலையில் விற்க வழிவகுத்தது. விற்ற அளவுக்குப் புதியவை கட்டப்படவில்லை. விற்கப்பட்டவற்றில் கணிசமானவை இன்று வாடகைக்கு விடும் தனியார் வசம் உள்ளன. வீடற்றோரைத் தங்கவைக்க, தாம் விற்ற வீடுகளையே உள்ளாட்சி மன்றங்கள் வாடகைக்கு எடுக்கின்றன.