ஓய்வு நேரத்தில் தனியாக நிற்பவர் யார்?

ஓய்வு நேர மணி அடித்ததும் உங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையைச் சற்றுக் கவனியுங்கள். நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் தூணோரம் நிற்கும் ஒரு மாணவர் கண்ணில் படுவார். முதலாம் படிவத்தில் அப்படி நின்றவர்களில் நானும் ஒருவன்.

சாலாக் செலாத்தானில் வளர்ந்த நான், ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். எங்கள் வகுப்பில் மொத்தம் 18 பேர். முதலாம் ஆண்டில் பக்கத்தில் உட்கார்ந்தவன்தான் ஆறாம் ஆண்டிலும் உட்கார்ந்தான். நட்பைத் தேடிப் போக வேண்டிய தேவையே எங்களுக்கு வந்ததில்லை. பிறகு நாங்கள் நான்கைந்து இடைநிலைப்பள்ளிகளுக்குச் சிதறிப் போனோம். என்னோடு வந்த நெருங்கிய நண்பனும் மலாய்மொழிக்காகப் புகுமுக வகுப்பில் சேர்க்கப்பட்டான். புதிய வகுப்பில், என் மலாயைக் கேட்டுச் சிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நாட்டில் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தமிழ்வழி இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. ஆகவே, ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் 12, 13 வயதில் புதிய மொழிச் சூழலிலும் புதிய முகங்களுக்கு நடுவிலும் போய் நிற்கிறார்கள். பெற்றோர் புதுச் சீருடை வாங்குகிறார்கள். டியூஷனுக்கு ஏற்பாடு செய்கிறார்கள். "இன்றைக்கு யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேட்பவர் குறைவு.

என்னை முதலில் கூப்பிட்டவர்கள் மூன்றாம் படிவ அண்ணன்கள். "டேய் தம்பி, நீ எங்க ஆளுடா, இங்க வந்து உட்காரு" என்றார்கள். அந்த வார்த்தைக்காக நான் ஏங்கிக் கிடந்தேன். சில வாரங்களில் அவர்களுடைய கைப்பேசியை ஒளித்து வைத்தேன். வகுப்புக்கு மட்டம் போட்டேன். ஒருநாள் கழிப்பறைக்கு வெளியே ஒரு சிறுவனைச் சூழ்ந்து நின்று கேலி செய்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அவன் அழுதான். விலகிப் போனால் மறுபடியும் தூணோரம்தான் என்ற பயம் என்னை அங்கேயே நிற்க வைத்தது. நான் செய்தது தவறு. அந்தப் பயமும் உண்மை.

2017 ஜூன் மாதம் பினாங்கில் 18 வயது நவீன் கொடூரமாகத் தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, நாடே பகடிவதையைப் பற்றிப் பேசியது. தண்டனையும் சட்டமும் கட்டாயம் வேண்டும். ஆனால், அவை பெரும்பாலும் அடி விழுந்த பிறகே வருகின்றன. தனியாக நிற்பவன் அடி வாங்குபவனாகவும் ஆகலாம், என்னைப் போல அடிப்பவர்களோடு சேர்ந்து நிற்பவனாகவும் ஆகலாம். அதற்கு முன்பே அவனைக் கூப்பிட சக மாணவர்களால் முடியும்.

"யாரோடு பழகுவது என்பது அவரவர் விருப்பம்" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். எல்லாரையும் உயிர் நண்பராக்கிக்கொள்ள யாராலும் முடியாது. ஆனால், மேசையில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்க உயிர் நட்பு தேவையில்லையே!

என்னை மீட்டது அப்படிப்பட்ட ஒரு சின்ன அழைப்புதான். சதுரங்கக் கழகத்தில் ஆட ஆள் கிடைக்காமல் காத்திருந்த சீன மாணவன் ஒருவன், "நீ ஆடுவாயா?" என்று மலாயில் கேட்டான். சீனப்பள்ளியிலிருந்து வந்த அவனுடைய மலாயும் என்னுடையதைப் போலவே தடுமாறியது. மறுநாள் ஓய்வு நேரத்தில் நாங்கள் ஒரே மேசையில் சாப்பிட்டோம்.

எனவே, தனியாக இருக்கும் தம்பி தங்கைகளே, சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகியவற்றில் உங்களுக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தவறாமல் செல்லுங்கள். மனம் பாரமானால் ஆலோசக ஆசிரியரிடம் பேசுங்கள். அரசாங்கத்தின் 'தாலியான் காசே' 15999 எண்ணும் 24 மணி நேரமும் இயங்குகிறது.

மேல் படிவ மாணவர்களே, உங்களுக்கும் ஒரு செய்தி. ஐந்தாம் படிவத்தில் அந்தச் சிறுவனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அடிச்சதெல்லாம் மறந்துபோச்சு. அத்தனை பேர் பார்த்தாங்க, ஒருத்தர்கூடப் பக்கத்துல வந்து நிக்கலையே, அதுதான் மறக்கலை" என்றான்.

நாளை மணி அடித்ததும் அந்தத் தூணோரம் ஒருமுறை பாருங்கள். அங்கே நிற்பவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.