விருது கொடுக்கும் கடைக்காரர்கள்

சட்ட நூலகர் என்று ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. சட்டக் கல்லூரிகளிலும், நீதிமன்றங்களிலும், பெரிய வக்கீல் அலுவலகங்களிலும் தீர்ப்புகளைத் தேடி எடுத்துக் கொடுப்பவர்கள் இவர்கள். கோர்ட்டில் வக்கீல் முழங்குகிற பழைய தீர்ப்பை முந்தின நாள் ராத்திரி தோண்டி எடுத்தவர் பெரும்பாலும் ஒரு நூலகராகத்தான் இருப்பார். பெயர் மட்டும் வெளியே வராது.

அப்படிப்பட்டவர்களுக்கு விருது கொடுத்தால் யாருக்குக் கசக்கும்? யாருக்கும் இல்லை. அமெரிக்காவில் 1906லேயே இவர்களுக்குச் சங்கம் உருவாகிவிட்டது. அமெரிக்கச் சட்ட நூலகங்கள் சங்கம் என்று பெயர். வாழ்நாள் சேவைக்கு மரியன் கூல்ட் கல்லகர் விருது, நல்ல சட்ட நூல்களுக்கு ஜோசப் ஆண்ட்ரூஸ் விருது என்று நிறைய வைத்திருக்கிறார்கள். இரண்டுமே நூலகர்களின் பெயரில் இருக்கும் விருதுகள். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. சிறுபான்மை மாணவர்கள் நூலகராகப் படிக்க ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் உதவித்தொகை. அதற்குப் பணம் தந்து, பெயரையும் சேர்த்துக்கொண்டது தாம்சன் நிறுவனம், அதாவது வெஸ்ட்லா விற்பவர்கள். ஜான் ஜான்சன் நினைவு உதவித்தொகையில் லெக்சிஸ்நெக்சிஸ். கட்டுரைப் போட்டியிலும் நீண்ட காலம் அதே லெக்சிஸ்நெக்சிஸ். ஆராய்ச்சி மானியத்தில் வோல்டர்ஸ் க்ளுவர். தொடர்கல்வி மானியத்தில் ப்ளூம்பெர்க் லா.

இந்தப் பெயர்களை எல்லாம் இன்னொரு இடத்திலும் பார்க்கலாம். சட்ட நூலகம் வருடா வருடம் கட்டுகிற பில்லில்! சட்டத் தகவல் சந்தையே இந்த நாலைந்து பேர் கையில்தான். அவர்களிடம் விலை பேச வேண்டியவர், "இது வேண்டாம், சந்தாவை நிறுத்து" என்று சொல்ல வேண்டியவர் யார்? அதே நூலகர். மளிகைக் கடைக்காரர் வீட்டுச் சமையல்காரருக்கு வருடா வருடம் பொன்னாடை போர்த்துகிறார் என்றால் வீட்டுக்காரர் சந்தேகப்பட மாட்டாரா?

"சின்னத் தொகை, இதுக்கெல்லாம் யாராவது விலை போவார்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் 1995ல் மினியாபொலிஸ் ஸ்டார் ட்ரிப்யூன் பத்திரிகை வெளியிட்ட செய்தியைத் தேடிப் படிக்கலாம். வெஸ்ட் நிறுவனம் சிறந்த நீதிபதிக்கு டெவிட் விருது என்று ஒன்றை நடத்தியது. பரிசு 15,000 டாலர். தேர்வுக் குழுவில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள். குழு கூடுவது சொகுசு விடுதிகளில், பயணச் செலவு வெஸ்ட்டுடையது. 1982ல் தொடங்கி ஏழு உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இப்படிப் போய் வந்திருந்தார்கள். அதே காலத்தில் வெஸ்ட் சம்பந்தப்பட்ட வழக்குகளும் அந்த நீதிமன்றத்தின் வாசலுக்கு வந்துகொண்டிருந்தன. யாரும் விலை போனார்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் செய்தி வந்தபோது எத்தனை சங்கடம்! உச்ச நீதிமன்ற நீதிபதிக்கே அந்த நிலைமை என்றால், சந்தா பட்ஜெட்டோடு தினமும் மல்லுக்கட்டும் நூலகரின் நிலைமை என்ன?

இந்தத் தொழில் எப்போதும் இப்படிக் குனிந்தே இருந்ததில்லை. 1960களின் கடைசியில் வட கரோலினா உச்ச நீதிமன்ற நூலகர் ரேமண்ட் டெய்லர், சட்டப் புத்தகக் கம்பெனிகள் பழைய சரக்கைப் புதுசு போலக் காட்டி விற்பதை எதிர்த்துக் குரல் எழுப்பினார். அதைத் தொடர்ந்து 1975ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் சட்டப் புத்தகத் தொழிலுக்கென்றே தனி நெறிமுறைகள் போட்டது. (2000ல் அவற்றை எடுத்தும் விட்டது, அது தனிக் கதை.) ரோட் ஐலண்ட் மாநிலச் சட்ட நூலகர் கெண்டல் ஸ்வெங்காலிஸ், எந்தப் புத்தகம் என்ன விலை, எது தண்டம் என்று புட்டுப் புட்டு வைத்து ஒரு கையேடு எழுதினார். 1997ல் ஆண்ட்ரூஸ் விருது அதற்குக் கிடைத்தது. விருது என்றால் இது விருது! வாங்குபவர்கள் சார்பில் உழைத்தவரை வாங்குபவர்களே கௌரவித்தார்கள்.

இனி மறுபக்கம். 2009ல் வெஸ்ட் ஒரு விளம்பரம் அனுப்பியது. நூலகரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கமா, அப்படியானால் நீங்கள் நூலகத்தில் நேரத்தை வீணடிக்கிறீர்கள் என்று வக்கீல்களுக்குச் சொல்கிற விளம்பரம். உதவித்தொகையில் நூலகருக்குப் பூமாலை, விளம்பரத்தில் நூலகரே தேவையில்லை! நூலகர்கள் கொதித்த பிறகு நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

அதைவிடப் பெரிய விஷயம் 2017 டிசம்பரில் நடந்தது. அமெரிக்காவில் குடியேறிகளைத் தேடிப் பிடித்து நாடு கடத்தும் அரசுத் துறைக்குப் பெயர் ஐஸ். வெஸ்ட்லாவையும் லெக்சிஸையும் நடத்தும் நிறுவனங்கள் தகவல் விற்கவும் செய்கின்றன, அதற்கு அந்தத் துறையும் ஒரு வாடிக்கையாளர். இதைப் பற்றி சாரா லம்டானும் இன்னொரு சட்ட நூலகரும் சேர்ந்து சங்கத்தின் வலைப்பதிவு ஒன்றில் எழுதினார்கள். போட்ட சில நிமிடங்களில் கட்டுரை காணாமல் போனது. சங்கத்தின் வழக்கறிஞர் ஆலோசனைப்படி நீக்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும் அங்கே மிஞ்சியது. அந்த வியாபாரம் நிற்கவும் இல்லை. 2021ல் லெக்சிஸ்நெக்சிஸ் அதே துறையோடு பல லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டது.

நீக்கியதற்கு விருதுப் பணம்தான் காரணமா? அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. போட்டிச் சட்டத்தின் கீழ் வழக்கு வருமோ என்ற பயமாகவும் இருக்கலாம். 2018ல் லெக்சிஸ்நெக்சிஸ், தன் முதன்மைச் சேவைக்குச் சந்தா கட்டாதவர்களுக்கு வேறு சில பொருட்களைத் தரமாட்டோம் என்று அடம் பிடித்தபோது இதே சங்கம் பகிரங்கமாக எதிர்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். பரிசு பெறுபவர்களைப் பொறுக்குவதும் நிறுவனங்கள் அல்ல, சங்கத்தின் குழுக்கள்தான். எல்லாம் சரி. ஆனால் ஒரு கட்டுரை நிமிடங்களில் மறையும்போது, மேடையின் பின்னால் தொங்கும் பேனரில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றுவது மனித இயல்பு. "பயந்து நீக்கவில்லை" என்று சங்கம் சத்தியமே செய்தாலும் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். அந்த நம்பிக்கையைத்தான் உதவித்தொகைக்கு ஈடாகக் கொடுத்தாகிவிட்டதே!

இங்கிலாந்தும் இந்த விஷயத்தில் சுத்தம் இல்லை. 1969ல் தொடங்கிய பிரிட்டிஷ், ஐரிஷ் சட்ட நூலகர் சங்கத்திலும் சிறந்த சட்ட நூலகர் விருதில் வைல்டி என்ற லண்டன் சட்டப் புத்தகக் கடையின் பெயர் இருந்தது, ஹால்ஸ்பரி விருதில் லெக்சிஸ்நெக்சிஸ் பெயர். ஆனாலும் அவர்கள் ஒரு நல்ல வேலை செய்தார்கள். சிறந்த சப்ளையர் யார் என்று நூலகர்கள் தேர்ந்தெடுத்து நிறுவனங்களுக்கு விருது கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே. எந்தக் கை யாருடையது என்பதில் இதுதானே சரியான வரிசை?

ஏழை மாணவர்களின் படிப்புப் பணத்தைப் பிடுங்கச் சொல்கிறதா இந்த வாதம் என்றால், இல்லை. நிறுவனங்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். பெயர் போடாமல், எல்லாருடைய பணமும் ஒரே பொது நிதியில் சேரட்டும். உறுப்பினர்கள் சந்தாவில் கொஞ்சம் கூடுதலாகப் போடட்டும். நூலகர்களின் உழைப்பில் கோடி கோடியாகச் சம்பாதிக்கும் வக்கீல் நிறுவனங்களிடம் போய்க் கேட்கட்டும். பெயர் இல்லாவிட்டால் காசு தரமாட்டோம் என்று எந்தக் கம்பெனியாவது சொன்னால், அந்தக் காசை அது எந்தக் கணக்கில் எழுதிவந்தது என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.