நாவறிந்த சாக்லேட், கண்ணறியாத கொக்கோ

உணவில் ஆர்வம் கொண்ட இருபது வயது இளைஞர் ஒருவர் இன்று சாக்லேட்டைப் பின்தொடர்ந்தே இந்தியாவைச் சுற்றி வந்துவிடலாம். பெங்களூருவின் கார்னர் ஹவுஸில் கேக், ஐஸ்கிரீம், சூடான சாக்லேட் குழம்பு என அடுக்கித் தரும் ‘டெத் பை சாக்லேட்’. அகமதாபாத்தின் மாணிக் சௌக்கில் இரவு வெகுநேரம் வரை விற்கும் சாக்லேட் சாண்ட்விச். கொல்கத்தாவில் சேனாவுடன் சேர்த்துப் பிசைந்த சாக்லேட் சந்தேஷ். உதகையில் கட்டியாக உடைத்து எடைபோட்டுத் தரும் முந்திரி சாக்லேட். அவர் உண்கிறார், படம் எடுக்கிறார், ஒன்றோடொன்றை ஒப்பிட்டு நண்பர்களோடு வாதிடுகிறார்.

இந்த ஈடுபாட்டைப் பெரியவர்கள் பலர் எள்ளி நகையாடுகின்றனர். பற்சொத்தை, உடற்பருமன், பண விரயம் என்று பட்டியல் நீள்கிறது. சர்க்கரையைப் பற்றிய எச்சரிக்கை நியாயமானதே. ஆனால், சுவையை நுணுகி ஆராயும் ஆர்வத்தையே குற்றமாக்குவது பிழை. பாலின் மணத்தையும் கொக்கோவின் கசப்பையும் பிரித்தறியும் நா, கல்வி பெற்ற நா. அந்தக் கல்வி பாதியில் நின்றுவிடுவதுதான் கவலைக்குரியது. ஒரே பெயரில் இருவேறு பொருள்கள் விற்கப்படுகின்றன என்பதைப் பெரும்பாலான இளைஞர்களுக்கு எவரும் சொல்லித் தருவதில்லை.

சாக்லேட்டின் உயிர் கொக்கோ வெண்ணெயில் இருக்கிறது. அது ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. மனித உடலின் வெப்பமோ 37 டிகிரி. கையில் கட்டியாக இருப்பது நாவில் பட்டதும் நெகிழ்ந்து, மணம் மூக்குவரை ஏறுவது இச்சிறு இடைவெளியால்தான். ‘காம்பவுண்ட்’ எனப்படும் மற்றொரு பொருளில் இந்த வெண்ணெய் இருப்பதில்லை. அதனிடத்தில் விலை குறைந்த தாவரக் கொழுப்பு, அதனுடன் கொக்கோத் தூள், நிறையச் சர்க்கரை. இந்தியக் கோடையை அது தாங்குகிறது; செய்வதும் எளிது. ஆகவே, மலிவான கேக்கின் மேற்பூச்சு, வேஃபரின் உறை, குச்சி ஐஸின் கரும்போர்வை ஆகியவற்றில் பெரும்பாலும் அதுவே இடம்பெறுகிறது. அதைத் தின்று வளர்ந்த நா, அண்ணத்தில் ஒட்டும் மெழுகுப் பூச்சையே சாக்லேட்டின் இயல்பு என்று எண்ணிக்கொள்கிறது.

சட்டம் இவ்வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது. சாக்லேட் என்ற பெயரில் விற்பதில் பிற தாவரக் கொழுப்பு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. உட்பொருள்களை அளவின் இறங்கு வரிசையில் அச்சிடவும் வேண்டும். ஆனால், அவ்வரிகள் உறையின் பின்புறம், எறும்பளவு எழுத்தில் கிடக்கின்றன. முன்புறத்தை நிறைப்பதோ, உருகி வழியும் சாக்லேட்டின் படம்.

மறைந்திருப்பது கொழுப்பின் பெயர் மட்டுமன்று; உழவரின் உழைப்பும்தான். ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில் தென்னைகளுக்கிடையே, கேரளத்தின் இடுக்கியில், கர்நாடகத்தின் கமுகுத் தோப்புகளில், பொள்ளாச்சியில் கொக்கோ விளைகிறது. கனியைப் பிளந்தால் வெண்ணிறச் சதை போர்த்திய முப்பது நாற்பது விதைகள். அந்நிலையில் விதையில் சாக்லேட் மணம் சிறிதும் இல்லை. கசப்பும் துவர்ப்புமே உண்டு. அவற்றைக் குவித்து ஐந்தாறு நாள் நொதிக்கவிட்டு, கிளறி, வெயிலில் உலர்த்திய பிறகே, வறுக்கும்போது அம்மணம் பிறக்கும். சுவையின் முதல் சமையல் தோட்டத்தில் நிகழ்கிறது. அங்கே அவசரப்பட்டால் எந்த ஆலையாலும் அதைச் சீர்செய்ய இயலாது.

அவ்வுழைப்புக்கு நிலையான விலை கிடைத்ததில்லை. 1980களில் கொக்கோ விலை சரிந்தபோது கேரளத்தில் பலர் மரங்களையே வெட்டி எறிந்தனர். கமுகு உழவர்களின் கூட்டுறவான கேம்ப்கோ கொள்முதலில் இறங்கி, 1986இல் புத்தூரில் சாக்லேட் ஆலையை நிறுவியதன் பின்னணி இதுதான். 2024இல் மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் பொய்த்தபோது உலக விலை டன்னுக்கு 10,000 டாலரைக் கடந்தது. பின்னர் மீண்டும் சரிந்தது. விலை ஏறும்போது நிறுவனங்கள் கட்டியின் எடையைக் குறைக்கலாம், கொக்கோவைக் குறைத்து வேறு கொழுப்பைக் கூட்டலாம். விலை இறங்கும்போது உழவருக்கு அத்தகைய மாற்றுவழி ஏதும் இல்லை.

தரமான சாக்லேட் வெளிநாட்டுக்கே உரியது என்னும் எண்ணமும் களையப்பட வேண்டும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சிறிய அளவில் கொக்கோ விதையிலிருந்தே சாக்லேட் செய்ய முனைந்தவர்களுக்கு அரைக்கும் பொறி பெருஞ்சிக்கலாக இருந்தது. அவர்களுக்குக் கைகொடுத்தது இட்லி மாவு அரைக்கும் வெட் கிரைண்டர். கல்லுருளைகள் நாள் கணக்கில் சுழன்று, நாவில் மணல் தட்டாத விழுதைத் தந்தன. இன்று மைசூரு, கொச்சி, ஆரோவில், ஹைதராபாத் ஆகிய இடங்களின் சிறு தயாரிப்பாளர்கள் இந்திய விதையைக் கொண்டே பல சுவைகளைக் காட்டுகின்றனர்.

அவற்றின் விலை மாணவருக்கு எட்டாது என்பது உண்மை. ஐந்து ரூபாய்க் கட்டியை இகழ்வதும் முறையன்று. கோடிக்கணக்கான குழந்தைகளின் முதல் இனிப்பு மகிழ்ச்சி அதில்தான் இருக்கிறது. மலிவான பொருள் விற்கப்படட்டும்; அதன் உண்மைப் பெயரோடு விற்கப்படட்டும். கொக்கோவின் விழுக்காடும் கொழுப்பின் வகையும் உறையின் முன்புறத்தில், படிக்கத்தக்க எழுத்தில், அந்தந்த மாநில மொழியிலும் இடம்பெற வேண்டும். இதற்குப் பெரும் செலவில்லை. மனம் மட்டுமே வேண்டும்.

இளைஞரும் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். அடுத்த முறை படம் எடுக்கும்போது உறையைத் திருப்பி, பின்புறத்தையும் ஒரு படம் எடுக்கட்டும். எந்தக் கொழுப்பு, எந்த ஊர்க் கொக்கோ என்று கடைக்காரரைக் கேட்கட்டும். ஆயிரம் பேர் கேட்கத் தொடங்கினால், உறையின் பின்புறத்தில் பதுங்கியிருக்கும் எறும்பெழுத்துகள் தாமே முன்புறத்துக்கு நகர்ந்து வரும்.