கடல் கடந்து வரும் பழைய எஞ்சின்கள்

ஜப்பான் தேசத்தில் ஓடித் தேய்ந்த வேக மோட்டார்களின் எஞ்சின்களையும், கியர் பெட்டிகளையும், சக்கரங்களையும் ஏலத்தில் எடுத்துக் கப்பலேற்றித் தத்தம் ஊருக்குக் கொண்டு போகும் வழக்கம் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, மலேசியா முதலிய நாடுகளில் வேரூன்றிப் பல ஆண்டுகளாகின்றன. அமெரிக்காவிலும் இது பரவியிருக்கிறது. நமது வாலிபர்களிலும் சிலர் இதில் மோகங் கொண்டிருப்பதால், இதன் குணதோஷங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்வது அவசியமென்று கருதுகிறோம்.

பிறர் கழித்துப் போட்டதை விலை கொடுத்து வாங்குவதா என்று முகஞ் சுளிக்கும் கனவான்கள் உண்டு. நாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களல்ல. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்கிப் பொருத்திய வண்டிகளில் ஏறித்தான் நம்மில் பலரும் பிரயாணம் செய்திருக்கிறோம். உருக்கி வார்த்துக் கடைந்து ஒருமுறை செய்த யந்திரத்தை, அது உழைக்கக் கூடிய காலம் வரையில் உழைக்க விடுவதில் இழிவு ஒன்றுமில்லை. எதை வாங்குகிறோம், எப்படி வாங்குகிறோம், எந்தச் சட்டத்தின் கீழ் வாங்குகிறோம் என்பவைதான் கேள்விகள்.

இந்த வியாபாரம் ஜப்பானில் மையங் கொண்டதற்குக் காரணங்கள் உண்டு. அங்கே புதிய கார் ஒன்று மூன்று ஆண்டுகள் ஓடியதும் சர்க்கார் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதன் பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை போக வேண்டும். 'ஷாகென்' என்பது அப்பரிசோதனையின் பெயர். எடை வரி, கட்டாய இன்ஷியூரன்ஸ், பழுதுபார்க்கும் கூலி ஆகிய எல்லாம் அத்துடன் வந்து சேரும். வண்டிக்குப் பதின்மூன்று வயது கடந்தால் எடை வரி உயரும். பதினெட்டு கடந்தால் மீண்டும் உயரும். ஆகையால் நல்ல நிலையிலுள்ள வண்டிகளையே சொந்தக்காரர்கள் தள்ளிவிடுகிறார்கள். இதனுடன், 1989 முதல் 2004 வரையில் ஜப்பானிய மோட்டார் கம்பெனிகள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280 குதிரைச் சக்திக்கு மேல் இருப்பதாக விளம்பரம் செய்வதில்லையென்று கட்டுப்பட்டிருந்தன. காகிதத்தில் 280 என்று எழுதினார்களேயொழிய, எஞ்சினை அதற்கு மேலும் தாங்கும்படியாகவே வார்த்தார்கள். அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு இன்றும் கிராக்கி குறையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

1989இல் வெளிவந்த நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காரில் இருந்த ஆர்.பி. 26 என்னும் ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 2,568 கன சென்டிமீட்டர், இரண்டு டர்போக்கள். அந்தக் கார் 1991, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தை ஜெயித்தது. ஆஸ்திரேலிய மோட்டார்ப் பத்திரிகை அதற்குச் சூட்டிய பெயர் 'காட்ஸில்லா' என்னும் ராட்சதப் பெயர். பந்தயத்தில் தோற்ற அதே நாட்டார் பிறகு அந்த எஞ்சினையே தேடித் தேடி வாங்கியதில் வியப்பில்லை. ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் மலேசியாவும் ஜப்பானைப் போலவே சாலையின் இடப்புறம் வண்டி ஓட்டும் நாடுகள். ஸ்டியரிங் தண்டும், பெடல்களும், முன்பலகையும் மாற்றமின்றிப் பொருந்திவிடும். நியூஸிலாந்தில் 1998இல் கார்களின் மீதிருந்த இறக்குமதித் தீர்வையும் போயிற்று, கடைசி மோட்டார்த் தொழிற்சாலையும் மூடிற்று. அது முதல் அந்நாடு ஜப்பானியப் பழைய வண்டிகளாலேயே பெரிதும் ஓடுகிறது என்றால் மிகையல்ல. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்நாட்டு விதிகளுக்கேற்பச் செய்யப்படாத கார் இருபத்தைந்து வயது ஆன பிறகே தடையின்றி நுழையலாம். ஆகவே ஒரு ரகத்துக் கார் இருபத்தைந்தை எட்டும்போது, அந்தக் காருக்கு மாத்திரமல்ல, அதன் கதவுக்கும் விளக்குக்கும் கூட விலை ஏறுகிறது. பழைய சாமானுக்கு வயதாக ஆக விலை கூடும் விந்தையை இந்தச் சந்தையில்தான் பார்க்கிறோம்.

இதைக் கண்டு உற்பத்தியாளர்களும் விழித்துக்கொண்டார்கள். நிஸான் கம்பெனி 2017 டிசம்பரில் பழைய ஜி.டி.ஆருக்கு வேண்டிய உதிரிச் சாமான்களை மறுபடி செய்து விற்கத் தொடங்கிற்று. டொயோட்டாவும் தனது சூப்ரா கார்களுக்கு அவ்விதமே 2020 முதல் செய்து வருகிறது. நாம் இதை மனமார வரவேற்கிறோம். புதிதாகக் கிடைக்கும் சாமானைப் பழையதாக வாங்குவது அநேகமாக மூடத்தனம். கிடைக்காததற்கே பழைய சந்தை வேண்டும்.

இனி வாங்கும் முறைக்கு வருவோம். ஜப்பானிய ஏலங்களில் பெரும்பாலானவை அயலூரார் நேரே கலந்துகொள்ள இடந்தருவதில்லை. ஆகையால் ஒரு தரகர் வேண்டும். அவருக்குக் கமிஷன், உள்நாட்டு லாரிக் கூலி, பெட்டி அடிக்கும் கூலி, துறைமுகச் செலவு என்று தலைக்குத் தலை ஏறும். ஏல விலையைப் பார்த்து மலிவென்று குதித்தவன், சாமான் வீட்டுக்கு வந்த பின் கணக்குப் பார்த்துக் கண் விழிப்பான். மேலும், விற்பவர் 'ஜங்க்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால், சாமான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்ப வாங்குவதில்லை, புகாரும் கேட்பதில்லை என்று அர்த்தம். அதை மோசடி என்று சொல்ல முடியாது. முன்னரே சொல்லிவிட்டுத்தான் விற்கிறார்கள்.

எஞ்சின் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, அது வண்டியிலிருந்து கழற்றப்படுவதற்கு முன் ஓடிய காட்சிப் படம். அடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவென்ற அளவு. ஆறு சிலிண்டர்களில் ஐந்து ஒத்திருந்து ஒன்று தாழ்ந்திருந்தால் அந்த எஞ்சினை அங்கேயே விட்டுவிடுவது உத்தமம். மூன்றாவது, மின்கம்பிக் கட்டு. அவசரக்காரர்கள் இணைப்புகளைக் கழற்றுவதற்குப் பதிலாக வயர்களைக் கத்தியால் அறுத்தெடுத்து விடுகிறார்கள். கம்பிக் கட்டும், அதனுடன் இயங்கும் கணிப்பொறிப் பெட்டியும் இல்லாத எஞ்சின் உயிரற்ற இரும்பு. நான்காவது, வண்டியின் பதிவு ரத்தான சான்றிதழ். இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். இந்த ரகத்துக் கார்கள் ஜப்பானில் திருட்டும் போகின்றன. திருடிய காரைத் துண்டு துண்டாக விற்பது முழுதாக விற்பதைவிடச் சுலபம். பத்திரமில்லாத எஞ்சினை மலிவாக வாங்குபவர் யாருடைய வாசலிலிருந்து அது கிளம்பியதென்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

கப்பல் விஷயத்தில் ஒன்றை மட்டும் சொல்லி மேலே செல்வோம். கடல்வழியில் கப்பலைக் காப்பாற்றச் செய்த அசாதாரணச் செலவைக் கப்பற்காரரும் சரக்குக்காரர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமென்பது பழைய கடல் விதி. 2021 மார்ச் 23இல் சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' கப்பல் குறுக்கே சிக்கிற்று அல்லவா? அதில் இந்த விதி பிரகடனம் செய்யப்பட்டது. சரக்குக்குச் சேதமே இல்லாதவர்களும் பங்குப் பணத்துக்கு ஈடு காட்ட வேண்டியதாயிற்று. பழைய சாமானுக்கு இன்ஷியூரன்ஸ் எதற்கு என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

அயல் தேசத்துச் சாமானுடன் அயல் தேசத்துப் பூச்சியும் பிரயாணம் செய்யும். 2018 பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து மோட்டார் ஏற்றி வந்த கப்பல்களை, நாற்றப் பூச்சி இருந்ததென்று நியூஸிலாந்து அதிகாரிகள் துறைமுகத்தில் இறக்கவிடாமல் திருப்பினார்கள். ஒரு தோட்டப் பூச்சிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிரிப்பவர்கள், 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்ததை அறியமாட்டார்கள். ஆசியாவிலிருந்து வந்த பழைய டயர்களில் தேங்கிய நீரில் புலிக்கொசு குடியேறியிருந்தது அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் அது அந்நாட்டின் பல மாகாணங்களில் பரவிற்று. டெங்கு ஜுரத்தைச் சுமக்கக் கூடிய கொசு அது. நமது ஊர்களில் டயர்க் கடைகளின் பின்புறத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கல்நார் விஷயமும் உண்டு. ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் கல்நாரை முற்றிலும் தடுத்துவிட்டது. ஜப்பானில் அதற்குப் பின்னரே முழுத் தடை வந்தது. ஆகவே தொண்ணூறுகளில் செய்த ஜப்பானிய எஞ்சினின் காஸ்கெட்டிலும், கிளட்சிலும், பிரேக் பட்டையிலும் கல்நார் இருக்கலாம். சுங்கச்சாவடியில் பிடிபட்டால் அபராதம் என்பது ஒரு புறம் இருக்கட்டும். அதை ஊதித் துடைத்துப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் நுரையீரலில் அந்தத் தூள் போய்த் தங்கி, பல வருஷங்கள் கழித்துக் கொல்லும். வேகம் வாங்குகிறவர் ஒருவர். தூளைச் சுவாசிக்கிறவர் வேறொருவர். இந்த அநியாயத்தைப் பற்றி நமது நண்பர்கள் ஏனோ வாய் திறப்பதில்லை.

வண்டியை ஓடச் செய்யும் உறுப்பு வேறு, வண்டியை நிறுத்தும் உறுப்பு வேறு. எஞ்சின், கியர் பெட்டி, டர்போ, கதவு, ஆசனம் ஆகியவை பழையனவாக இருந்து பழுதானால் நஷ்டம் பணத்தோடு போகும். பிரேக் பட்டை, டயர், ஆசனக் கச்சை, காற்றுப்பை ஆகியவை பழையனவாக இருந்து ஏமாற்றினால் நஷ்டம் உயிரோடு போகும். தகாட்டா கம்பெனியின் காற்றுப்பைகள் வெப்பத்திலும் ஈரத்திலும் பழுதாகி, வெடிக்கும்போது இரும்புச் சில்லுகளை ஓட்டுபவர் மீது வீசிப் பலரைக் கொன்றன; உலகிலேயே மிகப் பெரிய மோட்டார்த் திரும்பப் பெறுதல் அதனால் நேர்ந்தது; 2017இல் அக்கம்பெனி திவாலாயிற்று. அழகான ஸ்டியரிங் என்று ஒருவன் ஏலத்தில் எடுக்கும் சக்கரத்தின் நடுவே அப்படிப்பட்ட பை ஒன்று இருக்கலாம். ஆகவே இரண்டாம் வகுப்புச் சாமான்களைப் பழையனவாக வாங்கக் கூடாது. சட்டம் அனுமதித்தாலும் கூடாது. டயர் என்றால் அதன் பக்கத்தில் பொறித்திருக்கும் நான்கு எண்களையாவது படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 3219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் முப்பத்திரண்டாவது வாரத்தில் செய்ததென்று பொருள். பள்ளம் தேயாத டயரும் வயதால் வெடிக்கும்.

அப்படியானால் சர்க்கார் ஒரே அடியாகத் தடுத்துவிடலாமே என்பர் சிலர். மலேசியா 2009இல் தனது மோட்டார்க் கொள்கையில், 2011 ஜூன் முதல் பழைய உதிரிச் சாமான் இறக்குமதியை நிறுத்துவதாக அறிவித்தது. அந்நாட்டில் 'ஹாஃப் கட்' என்று சொல்லும் அரைவெட்டுக் கடைகள், அதாவது காரைப் பாதியாக அறுத்து முன்பாகத்தை எஞ்சினோடு விற்கும் கடைகள், இன்றும் இருக்கின்றன. ஏழைக் குடும்பத்தின் பழைய வண்டியை ஓட வைப்பதும் அதே கடைதான் என்பதைத் தடை போடுகிறவர்கள் மறந்துவிடலாகாது.

நமது தேசத்தில் நிலைமை என்ன? இந்திய சர்க்காரின் அயல்நாட்டு வியாபாரக் கொள்கைப்படி, யந்திர மூலதனம் அல்லாத பழைய சாமான்களை லைசென்ஸ் பெற்றே இறக்குமதி செய்யலாம். வந்த எஞ்சினைச் சாலையில் ஓடும் வண்டியில் பொருத்துவதோ அதனினும் கடினம். உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாதென்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது; 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்திற்று. சாலையைப் பொறுத்த மட்டில் இதில் நமக்கு ஆட்சேபமில்லை. நடுத்தெருவில் குழந்தைகள் நடக்கும் தேசத்தில் 280 குதிரைச் சக்தியை ஏற்றிய பழைய காரை அவிழ்த்துவிடச் சொல்ல நாம் துணியோம்.

ஆனால் பந்தய மைதானம் சாலையல்ல. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோயமுத்தூரிலும் மைதானங்கள் இருக்கின்றன. கோயமுத்தூர் கரிவரதன் அவர்கள் 1980களின் பிற்பகுதியில் அயலூர்க் காருக்காகக் காத்திராமல், மாருதி எஞ்சினை வைத்தே ஒற்றையாசனப் பந்தயக் கார்களைச் செய்து, சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் பந்தயத்தில் இறங்க வழி செய்தார். உள்ளூர்க் கம்மியர் கையால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. நல்ல எஞ்சினொன்றைக் கழற்றிப் பார்த்துப் படித்த கம்மியன் அடுத்ததைத் தானே செய்யக் கற்பான். ஜப்பானியரும் அவ்விதமே கற்றவர்கள்தாம்.

எனவே லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரிகளிடம் நாம் கேட்பது பெரிதல்ல. பந்தயத்துக்கும், பழைய கார்களைப் புதுப்பிப்பதற்கும், தொழிற்பள்ளிகளின் படிப்புக்கும் வேண்டிய எஞ்சின், கியர் பெட்டி முதலியவற்றுக்கு என்னென்ன பத்திரங்கள் காட்டினால் அனுமதி கிடைக்கும் என்பதை ஒரே காகிதத்தில் அச்சிட்டு வெளியிடட்டும். பதிவு ரத்துச் சான்று, கல்நார் இல்லையென்ற சான்று, எண்ணெய் வடித்துச் சுத்தம் செய்த சான்று ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கட்டும். விண்ணப்பத்துக்கு இத்தனை நாளில் பதில் என்று ஒரு கெடுவும் வைக்கட்டும். டயர், காற்றுப்பை, பிரேக் பட்டை ஆகியவற்றுக்கு விண்ணப்பமே வாங்க வேண்டாம். 'அன்பளிப்பு' என்று எழுதியும், விலையைக் குறைத்துக் காட்டியும் சாமான் தருவிக்கிறவர்களிடம் சுங்க அதிகாரிகள் தயவு காட்ட வேண்டுமென்றும் நாம் கேட்கவில்லை.