பாம்பின் ஊர் எது?

பெங்களூரு மாநகரின் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டபடி அமைந்துள்ளது ஆனேக்கல் வட்டம். ஏரிகளும் கேழ்வரகு வயல்களும் பாறைக் குன்றுகளும் நிறைந்த நிலம் அது. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே ஆகிய இடங்களில் தொழிற்சாலைகள் பெருகிய பின்னர், வயல்களின் நடுவே குடியிருப்புகள் எழுந்தன. வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் அங்கே வாழ்கின்றன. அருகிலேயே பன்னேர்கட்டாக் காடு உள்ளது. அக்காடு 1974ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

மழைக்காலம் தொடங்கியதும் இக்குடியிருப்புகளில் பாம்பு தென்படுவது புதிதன்று. முன்பெல்லாம் கண்டவுடன் கம்பை எடுப்பதே வழக்கம். இப்போது பலர் கைப்பேசியை எடுக்கின்றனர். பாம்பு பிடிப்பவர் வருகிறார். பாம்பு பைக்குள் செல்கிறது. அதனைத் தொலைவிலுள்ள காட்டில் விடுமாறு கூறிவிட்டு அனைவரும் மனநிறைவோடு கலைகின்றனர்.

கொல்வதைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை. பாம்புகளைக் கொல்வது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். ஆயினும், காட்டில் விட்டதனாலேயே பாம்பு காப்பாற்றப்பட்டுவிட்டது என எண்ணுவது பிழை. அந்தப் பாம்பு பெரும்பாலும் காட்டிலிருந்து வழிதவறி வந்ததன்று. ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் பிறந்து வளர்ந்தது. அதன் ஊர் அதுவே.

நல்லபாம்பு தனக்கென வளை தோண்டுவதில்லை. எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் ஒதுங்குகிறது. எந்தப் புற்று வெயிலுக்கு ஏற்றது, எங்கே நீர் உள்ளது, எந்த வரப்பில் எலி மிகுதி என்பனவெல்லாம் அதற்குப் பழகியவை. முட்டையிட்ட பெண் நாகம் அவற்றின் அருகிலேயே தங்கிக் காவல் இருக்கும். அதனைப் பிடித்து வேற்றிடத்தில் விட்டால் அந்த முட்டைகளின் கதி என்ன? மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள ஆகும்பேயில் இராஜநாகங்களின் உடலில் சிறு ஒலிபரப்பிகளைப் பொருத்தி ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் பின்தொடர்ந்தனர். இடம் மாற்றி விடப்பட்ட நாகம், சொந்த இடத்தில் வாழும் நாகத்தைவிட நெடுந்தொலைவு அலைந்து திரிந்தது. அவ்வாறு அலையும் பாம்பு சாலையில் அடிபடவும், வேறொரு வீட்டுக்குள் நுழையவும் வாய்ப்பு மிகுதி. இங்கோ, அது உண்டு வந்த எலிகள் தடையின்றிப் பெருகுகின்றன. எலி இருக்கும் இடத்திற்கு இன்னொரு பாம்பு வருவதற்கு நெடுநாள் ஆகாது.

இதற்கு மறுப்பும் உண்டு. அது வலிமையான மறுப்பே. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. கர்நாடக அரசும் 2024ஆம் ஆண்டில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றுள் சேர்த்தது. கைக்குழந்தையோடு தகரக் கொட்டகையில் வாழும் தாயிடம் பாம்பின் உரிமையைப் பற்றிப் பேசுவது முறையன்று. வீட்டுக்குள் புகுந்த பாம்பை அகற்றியே ஆக வேண்டும். பயிற்சி பெற்றவர் வரும்வரை விலகி நிற்பதும், அவர் அதனை அருகிலுள்ள புதரிலோ ஏரிக்கரையிலோ விட இசைவதும் ஊரார் செய்யக்கூடியவை. இரண்டாவதுதான் கடினம்.

அச்சத்தைக் குறைக்க அடையாளம் அறிதல் உதவும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே நம் நாட்டில் பெரும்பாலான உயிரிழப்புகளுக்குக் காரணம். நஞ்சற்ற சாரையோ நல்லபாம்பு எனக் கருதப்பட்டு அடிபட்டுச் சாகிறது. கன்னடர் அதனைக் ‘கேரே ஹாவு’ என்பர். தமிழின் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’ ஆனதுபோலப் ‘பாம்பு’ம் அங்கே ‘ஹாவு’ ஆயிற்று. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் உறங்குவோரையே மிகுதியும் கடிக்கிறது. கட்டிலும், ஓரங்களைப் பாயின் அடியில் செருகிய கொசுவலையும், கைவிளக்கும் பல உயிர்களைக் காக்கும். கடிபட்டால் கீறுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

பாம்புக்காவது அழைக்க ஓர் ஆள் உண்டு. அதற்கு இரையாகும் தவளைக்கு அதுவும் இல்லை. மண்ணைக் குடைந்து அதனுள் மறைந்து வாழும் தவளையைத் தமிழர் ‘நுணல்’ என்றனர். அவ்வகையைச் சேர்ந்த புதிய இனம் ஒன்று பெங்களூருவின் புறநகரில் கண்டறியப்பட்டு, 2020ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நகரின் பெயரே அதற்கும் சூட்டப்பட்டது. இவ்வளவு பெரிய நகரின் ஓரத்தில், பெயரின்றி ஓர் உயிரினம் அத்தனை காலம் வாழ்ந்திருக்கிறது!

தவளைகளுள் பல, ஆழமற்ற ஓர நீரில் முட்டையிடுபவை. ஏரிகளைச் சீரமைக்கும்போது கரையைச் செங்குத்தாக உயர்த்திக் கல் பதித்துவிட்டால் அந்த ஓர நீர் மறைகிறது. நடைபாதை மக்களுக்குத் தேவையே. எனினும் ஆனேக்கலின் ஏரிகளில் ஒரு பக்கத்தையேனும் சரிவான மண்கரையாக, புல்லும் கோரையும் முளைக்கும்படி விட்டுவைக்க வேண்டும். தவளையும் அதனைத் தேடி வரும் தண்ணீர்ப்பாம்பும் அங்கேயே தங்கிக்கொள்ளும்.